காலில் பட்ட பந்து

1

பேட்டில் பந்து படும் சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். என் மகள் தாரிணி பிட்சராக நிற்கும் ஆட்டங்களில் நான் பார்த்தது பாதி, காதால் கேட்டது மீதி. டெக்சாஸில் மற்றப் பெற்றோர்கள் மடக்கு நாற்காலி போட்டு, எதையாவது குடித்துக்கொண்டு சாவகாசமாக ஆட்டம் பார்க்கிறார்கள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கம்பியின் தடம் வீடு வந்து சேரும் வரைக்கும் விரலில் இருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர்தான் சாஃப்ட்பால். பெயர் வைத்தவர் எதிரில் வந்தால் அந்தப் பந்தாலேயே அவர் மண்டையில் ஒன்று போடுவேன். பெரிய சாத்துக்குடி அளவு, அதே மஞ்சள், கல் மாதிரி கெட்டி. பிட்சர் என்பவள் இடுப்புக்குக் கீழாகக் கையைச் சுழற்றிப் பந்தை எறிவாள். நாற்பத்து மூன்று அடி தள்ளி நிற்பவள் அதை அடிப்பாள். எறிந்த வேகத்தில் பிட்சர் இன்னும் கொஞ்சம் முன்னால் வேறு வந்திருப்பாள். அடித்த பந்து நேராக அவளிடமே திரும்பி வந்தால், பிடிக்கவோ தடுக்கவோ விலகவோ அவளுக்குக் கண் இமைக்கும் நேரம்தான் இருக்கும். நான் வேலை பார்ப்பது ஒரு பல் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில். பந்து பட்டு முன்பல் போன பெண்களின் எக்ஸ்ரே என் மேசைக்கு வருஷா வருஷம் வரும். தாரிணி முகக்கவசம் போட்டுத்தான் ஆடுகிறாள். கவசத்துக்கு வெளியேயும் பிள்ளையின் உடம்பு இருக்கிறதே.

அவளுடைய கோச் ஒரு பெண்மணி. டவுன் பஸ் கண்டக்டரின் குரல். "பந்து கையை விட்ட பிறகு நீ பிட்சர் இல்லை, பேட்டுக்கு மிகவும் பக்கத்தில் நிற்கிற பீல்டர்" என்று பிள்ளைகளிடம் கத்திக்கொண்டே இருப்பார். அதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. எறிந்து முடித்ததும் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். முகம் அடிக்கிறவளைப் பார்த்தே இருக்க வேண்டும். கிளவுஸ் நெஞ்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். லேசாகத் தட்டிவிட்ட பந்துக்கு ஓடிப்போய்க் குனிந்து இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். எடுத்ததும் தேவையான இடத்துக்கு எறிய வேண்டும். எடு, திரும்பு, எறி. நடுவில் வேறு எதுவும் கூடாது என்பது அவர் சட்டம்.

தாரிணிக்கு நடுவில் ஒன்று இருந்தது.

2

போன அக்டோபரில் ஒரு ஆட்டம். முடிகிற நேரம். எதிரணிப் பெண் ஒருத்தி ஓட்டத்தின் கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸில் நிற்கிறாள். அவள் ஓடி வந்து, பேட் பிடிக்கிறவள் நிற்கும் ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டால் எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். பேட்டில் பந்து படும் சத்தம் கேட்டது. வழக்கம்போலக் கண்ணை மூடினேன். உடனே இன்னொரு சத்தம், சதையும் தோலுமாக. கண்ணைத் திறந்தபோது பந்து தாரிணியின் ஷூவில் பட்டு எட்ட உருண்டுகொண்டிருந்தது.

அவள் பாய்ந்து எடுத்துவிட்டாள். எறிந்திருந்தால் அவுட்தான், நேரம் இருந்தது. ஆனால் அவள் அந்தப் பந்தை, கவசக் கம்பிக்கு மேலாகவே, முதலில் வலது கண்ணில் ஒற்றினாள், பிறகு இடது கண்ணில் ஒற்றினாள், அதற்கப்புறம் எறிந்தாள். ஓடி வந்தவள் பிளேட்டை மிதித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

காலில் பட்டதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்கு ஒரு செய்தியே இல்லை. கோச்சுக்கு அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயமாகத் தெரிந்தது. பிள்ளை பந்தைக் கண்ணில் தேய்க்கிறாள், அப்படியானால் பார்வை மங்கியிருக்கிறது, அப்படியானால் தலையில் அடிபட்டிருக்கிறது. இங்கே தலையில் அடி என்று சந்தேகம் வந்துவிட்டால் போதும், டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை பிள்ளை மைதானத்தில் கால் வைக்க முடியாது. அடிபட்டது காலில் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வழிமுறை என்று ஒன்று இருக்கிறதாம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், மாதங்களின் பெயரைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, "அது மரியாதை டாக்டர்" என்றேன்.

"பந்துக்கா?" என்று கேட்டார்.

"பந்து, புத்தகம், காகிதம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷர், எதில் கால் பட்டாலும்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து, தலையில் காயம் இல்லை, அது குடும்ப வழக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோச் அதை நின்ற இடத்திலேயே படித்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உங்கள் வழக்கத்தை நான் மதிக்கிறேன். தோற்றதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் இவள் தலை குனிந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது, மற்றவர்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரியில் தேர்வு ஆட்டம். அப்போதும் இப்படிச் செய்தால் இவளைத் தூரத்தில் நிற்கிற பீல்டராகப் போட்டுவிடுவேன்" என்றார்.

தாரிணி காரில் ஏறியதும் கிளவுஸை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வயதிலிருந்து பிட்சர். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது மணிக்கட்டு சுழன்றுகொண்டே இருக்கும். அந்த இடம் போய்விட்டால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

3

அவளிடம் நம் ஊர் என்று மிஞ்சியிருப்பது என்ன என்பதும் எனக்கு அதே அளவு கவலைதான். தமிழ் பேசுவாள், ஆனால் மரியாதை விகுதி அவளுக்கு லாட்டரி மாதிரி, விழுந்தால் உண்டு. வத்தக்குழம்பைப் பார்த்தால் மூக்கைச் சுருக்குவாள். பூ வைத்துக்கொள்ள மாட்டாள். தீபாவளிக்குப் பள்ளிக்கூடத்தில் அரைநாள் கேட்க வெட்கப்படுவாள். நான் சொல்லிக்கொடுத்த நூறில் நிலைத்தது இந்த ஒன்றுதான். யாரும் பார்க்காதபோதும் செய்வாள். ஒருமுறை அங்காடியில் கீழே கிடந்த விளம்பரத் தாளை மிதித்துவிட்டு, தள்ளுவண்டியை நிறுத்திக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பின்னால் வந்தவர் முறைத்தார். நான் பெருமையாக அவரைத் திருப்பி முறைத்தேன்.

என் அப்பாவிடமிருந்து வந்தது இது. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். டூல் பையில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவார். ஸ்பேனரில் பட்டால் கும்பிடுவார். "அப்ப சைக்கிள் பெடலை மிதிக்கிறீங்களே, அது பாவமில்லையா?" என்று தம்பி பாலு கேட்பான். "அது மிதிக்கிறதுக்குன்னே செஞ்சதுடா. போய்ப் படி" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடினோம். பந்து காலில் பட்டால் நாங்களும் ஒற்றுவோம், எதிர் டீமும் ஒற்றும். நடுவர் டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். எல்லாரும் நின்று கும்பிட்டுவிட்டு ஆடுகிற ஊரில் யாருக்கும் நஷ்டம் வரவில்லை. கடல் தாண்டி வந்தால் எதிர் டீம் நிற்பதில்லை.

4

அப்பாவின் வருஷத் திதி மார்கழியில் வந்தது. பிள்ளைக்கு நான்கு நாள் கூடுதல் விடுப்பு கேட்டதற்குப் பள்ளிக்கூடம் ஆதாரம் கேட்டது. தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? பஞ்சாங்கத்தையா? என் கணவர் ரவி வர முடியவில்லை. அவருடைய விசா முத்திரைக்குத் தூதரகத்தில் நாள் கிடைக்கவில்லை, வெளியே போனால் திரும்புவது எப்போது என்று தெரியாது. வழக்கமாகத் தாரிணிக்குப் பந்தடித்துப் பயிற்சி கொடுப்பது அவர். திருச்சியிலிருந்து திரும்பிய வாரத்திலேயே தேர்வு ஆட்டம். அதனால் பேட், கவசம், கிளவுஸ், பந்து எல்லாம் எங்களோடு வந்தன.

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பேட்டை வெளியே எடுத்தார். "இது என்னம்மா, குழாயா?"

"பேட் சார்."

"பேட்டுன்னா தட்டையால்ல இருக்கும்?"

கம்பி போட்ட முகக்கவசத்தையும் எடுத்து வைத்து, தாரிணியை ஏற இறங்கப் பார்த்தார். பந்தை மேசையில் தட்டிப் பார்த்தார். அதன் பெயர் கேட்டார். சொன்னேன். "இதுவா சாஃப்டு?" என்றபடி உள்ளே வைத்தார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

பாலுவுக்குப் புத்தூரில் வீடு, அரியமங்கலத்தில் சின்ன லேத் பட்டறை. ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் முழுக்க மூங்கில் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி நடந்துதான் அம்மா மண்டபத்துக்குப் போனோம். படித்துறையில் பாலு எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் தாரிணியைப் பார்த்து, "பேத்தியா?" என்றார்.

"ஆமா. தாத்தா செத்து ஒரு வருஷம் ஆச்சு" என்றாள் அவள்.

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவறிட்டார், காலமாயிட்டார் என்று நமக்கு எத்தனை போர்வை இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் முகம் சுண்டிப்போனது. பாலு ஈரக் கையோடு திரும்பி, "விடுக்கா. புள்ள தாத்தாவுக்காகத்தானே அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கு" என்றான்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தாரிணியிடம் பேச்சை எடுத்தேன். வேறு வழியில்லை. "தேர்வு ஆட்டத்துல கால்ல பந்து பட்டா கும்பிட வேணாம். எடுத்து உடனே எறிஞ்சுடு" என்றேன்.

"நீதானே சொல்லிக் கொடுத்தே?"

"மைதானத்துல மட்டும் வேணாம்னு சொல்றேன்."

"மைதானத்துல வேணாம், வீட்டுல வேணும்னா அது மரியாதை இல்லம்மா. சும்மா ஷோ."

"கோச் உன்னத் தூக்கித் தூரப் போட்டுடுவாங்க. அது பரவால்லையா?"

"பரவால்ல இல்ல" என்றாள். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேணும்னு செய்யல. கை தானா போகுது. நீ எனக்கு அப்படிப் போட்டு வெச்சுட்டே. இப்போ நீயே எடுன்னா எப்படி எடுக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. கோச் மேல், அவள் மேல், அந்தப் பாழாய்ப் போன பந்து மேல். எழுந்து போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

5

மறுநாள் காலையில் பொன்மலையில் ஒரு மைதானத்துக்குப் போனோம். செம்மண் தரை, ஓரத்தில் வேப்பமரங்கள். அடித்தவள் ஓடி வந்து மிதிப்பதற்குள் பந்து போய்ச் சேர வேண்டிய இடம் ஃபர்ஸ்ட் பேஸ்; அங்கே ஒரு பழைய கோணியைப் போட்டு, அதன் மேல் பாலுவை நிறுத்தினோம். கையில் ரவியின் பழைய கிளவுஸ். பேட் என் கையில்.

தாரிணி கையைச் சுழற்றி எறிவதுபோல் பாவனை செய்து முடித்து நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் நான் கையிலிருக்கும் பந்தை அவளைப் பார்த்து அடிக்க வேண்டும். நான் அடித்த முதல் பந்து அவளுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்தது வேப்பமரத்தடிக்குப் போனது. அதற்கடுத்தது பட்டும் படாமலும் உருண்டது.

"இது எனக்கு பிராக்டிஸ் இல்லம்மா" என்றாள். "அங்க யாரும் இப்படி அடிக்க மாட்டாங்க."

"மண்ணு மேடு பள்ளமா இருக்கு. எகிறிடும்."

"எகிறட்டும்."

"அக்கா, புள்ள மேல ஓங்கி அடிக்காத. நான் சொல்லிட்டேன்" என்று பாலு அங்கிருந்து கத்தினான். தாய்மாமன் இல்லையா. அவன் கோணியை விட்டு நகர்ந்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்துவிடத் தயாராக நின்றான்.

"மாமா, நீ அங்கயே நில்லு. நில்லுங்க" என்று தாரிணி திருத்திச் சொன்னாள். பிறகு கவசத்தைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ கண்ண மூடிட்டு அடிக்கிறே. எனக்குத் தெரியும். அங்கயும் மூடிப்பே. எனக்குப் பயமா இருக்கும்போது உன்னத்தான் பார்ப்பேன். நீ கண்ண மூடிட்டு இருப்பே."

பத்தடித் தூரத்தில் இருந்திருந்தால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அவள் கவசத்தை இறக்கிவிட்டு, சுழற்றி முடித்து, கால் ஊன்றி, கிளவுஸை நெஞ்சுக்கு முன்னால் வைத்து நின்றாள். முகம் என்னைப் பார்த்தே இருந்தது.

நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஓங்கி அடித்தேன்.

பந்து தரையில் ஒருமுறை பட்டு எகிறி அவள் கணுக்காலில் மோதியது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பேட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவள் பந்தை எடுத்துவிட்டாள். கை முகத்தை நோக்கிப் பாதி வந்தது. நின்றது. முகம் அழுகிற மாதிரி கோணிக்கொண்டது. அப்படியே திரும்பிப் பாலுவுக்கு எறிந்தாள். பந்து அவன் கிளவுஸில் அறைந்தது.

எறிந்த பிறகும் அவள் கை அந்தரத்தில் தொங்கியது. என்னைப் பார்க்கவில்லை. எதையோ தொலைத்தவள் மாதிரி நின்றாள். நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறாள், ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பாலு கிளவுஸிலிருந்து பந்தை எடுத்தான். செம்மண்ணைச் சட்டையில் துடைத்தான். வலது கண்ணில் ஒற்றினான், இடது கண்ணில் ஒற்றினான், தாரிணிக்குத் திருப்பிப் போட்டான்.

"மாமா, உங்க கால்ல படலையே" என்றாள் அவள்.

"ஒன் கால்ல பட்டுதுல்ல? ஒனக்கு அங்க வேலை இருக்கு. எனக்கு இங்க என்ன, சும்மாதானே நிக்கிறேன்" என்றான் பாலு. "எறியறத எறி பாப்பா."

அவள் சிரித்தாள். நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போய் நின்றாள். அதற்கப்புறம் நாங்கள் கிளம்புகிற வரைக்கும் தினம் காலையில் அதே மைதானம். கணுக்காலில் நீலம் பாரித்த இடத்துக்கு ராத்திரி பாலு தைலம் தேய்ப்பான். "யார் அடிச்சது, அம்மாவா?" என்று எனக்குக் கேட்கும்படி அவளிடம் விசாரிப்பான்.

6

தேர்வு ஆட்டத்தன்று டெக்சாஸில் நல்ல குளிர். குளிரில் பேட்டிலிருந்து கிளம்பும் பந்தின் சத்தம் இன்னும் கூர்மையாக இருக்கும். கோச் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. நான் என் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தாரிணி நன்றாகத்தான் எறிந்தாள். தட்டிவிட்ட ஒரு பந்துக்கு ஓடி, இரண்டு கையாலும் எடுத்து, எறிந்து, ஆளை அவுட் ஆக்கினாள். கோச் அசையவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தாரிணிக்கும் தெரியும். அது வராமலே ஆட்டம் முடிந்துவிட வேண்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன்.

பேட் பிடித்து உயரமான ஒரு பெண் வந்தாள். பேஸ்களில் வேறு யாரும் இல்லை. தாரிணி எறிவதற்கு முன்னால் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உயரக்காரி அடித்தாள். மஞ்சளாக ஒன்று தாழ்வாகப் பறந்து வந்தது. தாரிணி கிளவுஸை இறக்குவதற்குள் அது ஷூவில் மோதி இடப்பக்கம் தெறித்தது. அவள் முகம் திரும்பவில்லை. பின்னாலேயே போனாள், குனிந்தாள், எடுத்தாள், திரும்பினாள், எறிந்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை. ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற தாரிணியின் தோழி மரிசோல் காலை நீட்டிப் பிடித்தாள். உயரக்காரி இரண்டு எட்டு பின்னால் இருந்தாள். அவுட்.

கோச் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "இந்த இடத்துக்கு எனக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை" என்று என் பக்கம் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த மைதானத்தில் காலில் பட்ட பந்தைக் கும்பிட ஆளில்லையே என்று மனசு ஒரு பக்கம் உறுத்தியது. பொன்மலையில் வாங்கியதைப் பொன்மலையிலேயே கொடுத்துவிட்டோம், இனி அவளிடம் நம்முடையது என்று எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மரிசோல் பந்தைத் திருப்பிப் போடவில்லை.

அவள் மெக்ஸிகோ வழி வந்த குடும்பத்துப் பெண். பிள்ளைகளுக்குள் என்ன பேச்சு நடந்தது, எப்போது நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பந்தைச் சட்டையில் துடைத்தாள். அவசரப்படாமல் வலது கண்ணில் ஒற்றினாள். பிறகு இடது கண்ணில் ஒற்றினாள். பாலு செய்த அதே வரிசை. தாரிணி கிளவுஸை நீட்டிக்கொண்டு, அவள் செய்து முடிக்கும் வரை பொறுமையாக நின்றாள்.

கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மரிசோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து தாரிணியின் கைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த பெண் பேட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள், தாரிணி கையைச் சுழற்றினாள், பேட்டில் பந்து பட்ட சத்தம் கேட்டது, என் கண் திறந்தே இருந்தது.